அளந்து கண்ட அறிஞர்

தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி அந்நாட்டை ஆண்டவன். உண்டாரை நெடுநாள் வாழச் செய்யும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அவனது புகழ் இன்றும் மறையவில்லை. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்துள்ள அதியமான்கோட்டை அவ்வள்ளலின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவ்வூர்க் காலபைரவர் கோயிலில் தேய்பிறை அட்டமி தோறும் மக்கள் வெள்ளமெனத் திரள்வர்.

கோடை வெயிலில் இவ்வாறு மக்கள் திரளும் ஊர்களிலெல்லாம் சோடாக் கடைகளுக்குக் குறைவிராது. கடைக்காரர் பச்சை நிறக் கண்ணாடிப் புட்டியைக் கையில் எடுத்து, அதன் கழுத்தை அடைத்து நிற்கும் கோலியைக் கட்டை விரலால் அழுத்துவார். கோலி உள்ளே விழும். புஸ்ஸென்னும் ஓசையுடன் காற்று வெளிப்படும். நீர் நுரைத்து எழும். பனிக்கட்டி நீரில் கிடந்த புட்டியாயின் நுரை அடக்கமாக எழுந்து அடங்கும். குடிப்பவர் நாவில் அந்நீர் நெடுநேரம் சுறுசுறுவென்று உறைக்கும். வெயிலில் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்த புட்டியாயின், நுரை பொங்கி வழிந்து கடைக்காரரின் கையையும் நனைத்துவிடும். எஞ்சிய நீரைக் குடித்தாலோ அது விரைவில் உறைப்பற்றுப் போகும்.

இளஞ்சிறுவர் ஆடும் வேடிக்கை ஒன்றும் உண்டு. இனிப்புப் பானம் நிறைந்த பெரிய புட்டியைத் திறந்து, அதனுள் மென்டாஸ் போன்ற புதினா மிட்டாய்கள் சிலவற்றை ஒருங்கே போடுவர். நொடிப்பொழுதில் பானம் ஊற்றெனப் பீறிட்டு உயரும். குளிர்ந்த புட்டியைவிட வெதுவெதுப்பான புட்டியில் அவ்வூற்று மிகுதியாக எழும் என்பதை ஒருமுறை செய்து பார்த்தவரும் அறிவர்.

குளிர்ந்த நீர் காற்றை அடக்கி வைத்திருப்பதும், சூடான நீர் அதனை விட்டுவிடுவதும் ஏன்? எவ்வளவு வெப்பத்திற்கு எவ்வளவு காற்று வெளியேறும்? நுரையைக் கண்டு வியந்தவர் பலர். அதனை அளந்து பார்த்தவர் மிகச் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவர், இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் நகரில் வாழ்ந்த வில்லியம் ஹென்றி என்பவர். வேதியியல் பயில்வோர் எந்நாட்டவராயினும் அவர் பெயரால் வழங்கும் விதியைக் கற்காமல் இருப்பதில்லை.

பிறப்பும் இல்லச் சூழலும்

வில்லியம் ஹென்றி 1774-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் மான்செஸ்டரில் பிறந்தார். அவருடைய தந்தையார் தாமஸ் ஹென்றி மருந்து செய்து விற்கும் தொழிலினர். வயிற்றுப் புளிப்பைத் தணிக்கும் மக்னீசியா என்னும் வெண்பொடியைத் தூய்மையாகச் செய்யும் முறையைக் கண்டு, அதனால் பொருளும் புகழும் ஈட்டியவர். அவர் வெறும் வணிகர் அல்லர். அறிவு வேட்கை மிக்கவர். பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் லவாசியேயின் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 1781-இல் மான்செஸ்டரில் இலக்கியமும் தத்துவமும் ஆராயும் கழகம் ஒன்று நிறுவப்பட்டபோது, அதனை நிறுவியவருள் ஒருவராக விளங்கியவர்.

அக்காலத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் செய்த புதுமை ஒன்று ஐரோப்பா எங்கும் பேசப்பட்டது. பிரீஸ்ட்லி 1767-இல் லீட்ஸ் நகரில் ஒரு சாராய ஆலையின் அருகே குடியிருந்தார். ஆலையின் தொட்டிகளில் புளித்து நுரைக்கும் மதுவின்மேல் கரியமில வாயு படலமாகத் தங்கி நிற்பதை அவர் கண்டார். அவ்வாயுவில் நீரைப் பலமுறை ஊற்றி எடுத்தபோது, நீர் சிறிது வாயுவை உட்கொண்டு இனிய உறைப்புச் சுவை பெற்றது. நீரில் வாயுவைக் கலக்கும் முறையை 1772-இல் அவர் சிறுநூலாக வெளியிட்டார். சோடா நீரின் வரலாறு இவ்வாறு தொடங்கியது. அந்நீரைத் தொழில்முறையில் செய்து விற்ற முன்னோடிகளுள் தாமஸ் ஹென்றியும் ஒருவர்.

ஆகவே, வில்லியம் ஹென்றி பிறந்து வளர்ந்த இல்லமே ஒரு சோதனைக்கூடமாக அமைந்தது எனலாம். மக்னீசியாவும் சோடா நீரும் அவருக்கு வீட்டுப் பொருள்கள். வாயுக்களைப் பற்றிய பேச்சு அவருக்கு அன்றாடப் பேச்சு. பின்னாளில் அவர் மேற்கொண்ட ஆராய்ச்சிக்குரிய வித்து அவ்வில்லத்திலேயே விழுந்தது.

இளமையில் வந்த இடர்

வித்து விழுந்த நிலத்தில் இடியும் விழுந்தது. ஹென்றி ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவராக இருந்தபோது, கனத்த உத்தரம் ஒன்று அவர்மேல் விழுந்தது. உயிர் தப்பினார், ஆயினும் உடல் நலத்தை இழந்தார். அவ்விபத்தால் அவருடைய உடல் வளர்ச்சி தடைப்பட்டது. நரம்புகளைப் பற்றிய வலி அவ்வப்போது தோன்றி வாட்டியது. அவ்வலி வாழ்நாள் முழுதும் அவரைவிட்டு நீங்கவே இல்லை.

ஓடி விளையாட இயலாத சிறுவர்க்கு நூல்களே தோழர்கள் ஆயின. பள்ளிக் கல்வி முடிந்தபின், மான்செஸ்டரில் புகழ்பெற்ற மருத்துவராகிய தாமஸ் பெர்சிவல் என்பவரிடம் அவர் உதவியாளராகச் சேர்ந்தார். பெர்சிவலின் கண்பார்வை மங்கியிருந்தது. அவருக்கு நூல்களைப் படித்துக் காட்டுவதும், அவர் சொல்ல எழுதுவதும் ஹென்றியின் பணி. ஐந்து ஆண்டுகள் இவ்வாறு பிறர்க்காகப் படித்த படிப்பு, படித்தவரையும் அறிஞராக்கியது. உடல் நலிவைக் காரணம் காட்டி ஒதுங்கியிருக்க வேண்டியவர், தம்மினும் ஒருவகையில் நலிந்த முதியவர்க்குக் கண்ணாக அமைந்து பயன் கொண்டார்.

1795-இல் ஹென்றி மருத்துவம் பயில எடின்பரோ பல்கலைக்கழகம் சென்றார். அங்கே ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியரின் சொற்பொழிவுகளைக் கேட்கும் பேறு பெற்றார். பிளாக் கரியமில வாயுவைத் தனி ஒரு வாயுவாக முதன்முதல் தெளிவுறக் காட்டியவர். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதை உணர்த்தியவரும் அவரே. கரியமில வாயுவையும் வெப்பத்தையும் ஆராய்ந்த ஆசிரியரிடம் கற்ற மாணவர், பின்னாளில் அவ்விரண்டையும் இணைத்து ஆராய்ந்தது பொருத்தமே.

ஆயினும் ஓராண்டு கழிவதற்குள் கல்வி தடைப்பட்டது. தந்தையாரின் தொழிலுக்குத் துணை வேண்டியிருந்தமையால், ஹென்றி மான்செஸ்டர் திரும்பினார். மருந்துச் சாலையைக் கவனித்துக்கொண்டே ஓய்வு நேரங்களில் சோதனைகள் செய்தார். நகர மக்களுக்கு வேதியியல் சொற்பொழிவுகளும் ஆற்றினார். 1801-இல் வேதியியலைத் தொடக்கநிலையினர்க்கு விளக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். அந்நூல் காலப்போக்கில் விரிந்து பதினொரு பதிப்புகள் கண்டது. விட்டுவந்த மருத்துவக் கல்வியையும் அவர் மறக்கவில்லை. பத்தாண்டு கழித்து 1805-இல் மீண்டும் எடின்பரோ சென்று, 1807-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அளவையே ஆராய்ச்சி

சோடா நீர் செய்வோர் அனைவரும் இரண்டு உண்மைகளைத் தொழில் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வாயுவை நன்றாக அழுத்தினால் நீர் மிகுதியாக ஏற்கும் என்பது ஒன்று. நீர் குளிர்ச்சியாக இருந்தால் மிகுதியாக ஏற்கும் என்பது மற்றொன்று. ஆயினும், எவ்வளவு அழுத்தத்திற்கு எவ்வளவு வாயு என்று கேட்டால் விடை கூறுவார் இல்லை. மிகுதி என்னும் சொல் தொழிலாளிக்குப் போதும், அறிவியலாளர்க்குப் போதாது. எத்துணை மிகுதி என்று கூறும்போதே அறிவு அறிவியலாகின்றது.

ஹென்றி அவ்விடையைத் தேடினார். அளவுக்கோடுகள் பொறித்த கண்ணாடிக் கலத்தில் நீரையும் ஆராயவேண்டிய வாயுவையும் நிறைத்தார். வாயுவின்மீது பாதரசத்தின் பளு தாங்குமாறு கருவியை அமைத்தார். பாதரசம் நிற்கும் உயரத்தைக் கூட்டினால் அழுத்தம் கூடும்; குறைத்தால் அழுத்தம் குறையும். பின்னர்க் கலத்தை நன்கு குலுக்கி, எவ்வளவு வாயு மறைந்தது என்று பார்ப்பார். மறைந்த வாயுவே நீரில் கரைந்த வாயு. ஒருமுறை கண்ட அளவோடு அவர் மனநிறைவு கொள்ளவில்லை. கரியமில வாயு, பிராணவாயு முதலிய பலவற்றைக் கொண்டு, வெவ்வேறு அழுத்தங்களிலும் வெவ்வேறு வெப்பநிலைகளிலும் மீண்டும் மீண்டும் சோதித்தார். உடலில் வலி எழும் நாள்களும் அவற்றுள் இருந்தன. அளவுக்கோட்டில் ஒரு மயிரிழை பிழைபட்டாலும் முடிவு பிழைபடும் ஆராய்ச்சி அது. வலியுற்ற உடலை வைத்துக்கொண்டு நடுங்காத அளவைகளைக் கண்டதே அவருடைய பெருமை.

அச்சோதனைகளின் முடிவுகளை அவர் எழுதிய கட்டுரை, 1802-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் இலண்டன் இராயல் கழகத்தில் படிக்கப்பட்டது; 1803-இல் அச்சேறியது. வெப்பநிலை மாறாதிருக்கும்போது, நீரில் கரையும் வாயுவின் எடை அவ்வாயு நீரின்மேல் செலுத்தும் அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அக்கட்டுரையின் சாரம். அழுத்தம் இருமடங்கானால் கரையும் வாயுவும் இருமடங்காகும், மும்மடங்கானால் மும்மடங்காகும். அழுத்தம் நீங்கினால், மிகையாகக் கரைந்திருந்த வாயு மீண்டும் வெளியேறும். இதுவே ஹென்றியின் விதி. வெப்பநிலை உயர உயர நீர் ஏற்கும் வாயுவின் அளவு குறைந்துகொண்டே வரும் என்பதும் அவருடைய அளவைகளால் புலப்பட்டது.

பிழை திருத்திய பெருமை

அக்கட்டுரை எழுதிய காலத்தில் ஹென்றிக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். அவர் எளிய நெசவாளர் குடும்பத்தில் தோன்றிய ஜான் டால்டன். மான்செஸ்டரில் மாணவர்க்குக் கணக்குக் கற்பித்துப் பிழைத்தவர். எளிய கருவிகளைக் கொண்டே அரிய உண்மைகளை ஆராய்ந்தவர். செல்வர் இல்லத்தில் பிறந்த ஹென்றியையும் வறியவராகிய டால்டனையும் அறிவு வேட்கை ஒன்றே இணைத்தது.

டால்டன் ஹென்றியின் அளவைகளில் ஒரு குறை இருக்கக்கூடும் என்று கண்டார். நீரில் ஏற்கெனவே சிறிது காற்று கரைந்திருக்கும். கலத்தைக் குலுக்கும்போது அக்காற்று வெளியேறி மேலேயுள்ள வாயுவுடன் கலந்துவிடும். ஆதலின், மேலே எஞ்சி நிற்பது தூய வாயு அன்று. தூய வாயுவின் அழுத்தத்தை மட்டும் கணக்கிற்கொள்ள வேண்டுமேயன்றி, கலப்பு வாயுவின் முழு அழுத்தத்தையும் கொள்ளுதல் ஆகாது.

உழைத்து எழுதி ஊரறியப் படிக்கப்பெற்ற கட்டுரையில் குறை உண்டு என்று நண்பர் ஒருவர் கூறினால், பலருக்குச் சினம் எழும். சிலர் குறையை மறைக்க முயல்வர். ஹென்றி இரண்டும் செய்திலர். எஞ்சிய வாயுவின் தூய்மையையும் கருத்தில் கொண்டு சோதனைகளை மறுபடியும் செய்தார். திருத்திய அளவுகளை அதே 1803-இல் பின்னிணைப்பாக வெளியிட்டார். தம் பெயரைவிட உண்மை பெரிது என்று எண்ணும் உள்ளம் வாய்த்தோர்க்கே இஃது இயலும்.

ஹென்றியின் ஆராய்ச்சி டால்டனுக்கும் பெரிதும் பயன்பட்டது. ஒரே அழுத்தத்திலும் ஒரே வெப்பநிலையிலும் கரியமில வாயு நீரில் மிகுதியாகக் கரைகின்றது. பிராணவாயுவோ சிறிதளவே கரைகின்றது. நீர் ஏன் எல்லா வாயுக்களையும் ஒத்த அளவில் ஏற்பதில்லை என்று டால்டன் சிந்தித்தார். ஒவ்வொரு வாயுவின் நுண்துகளும் வெவ்வேறு எடை உடையதாக இருத்தல் கூடும் என்று அவருக்குத் தோன்றியது. நீர் வாயுக்களை ஏற்பது குறித்து அவர் எழுதிய கட்டுரையின் இறுதியிலேயே அணுக்களின் ஒப்பு எடைகளைக் காட்டும் முதல் பட்டியல் இடம்பெற்றது. கரைதிறன் வேறுபாட்டிற்கு அவர் கருதிய காரணம் பின்னர் நிலைபெறவில்லை. ஆனால் அணுவின் எடையைக் கணிக்கும் முயற்சி நிலைபெற்றது. சோடா நீரின் குமிழியைத் தொடர்ந்து சென்ற ஆராய்ச்சி, அணுக்கொள்கையின் வாயிலை அடைந்தது என்றால் அது மிகையன்று.

நுரையின் கணக்கு

ஹென்றி கண்ட நெறியைக் கொண்டு சோடாப் புட்டியின் செயல்களைக் கணக்கிட்டே அறியலாம். வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீர், 0 பாகை செல்சியசில் ஏறத்தாழ 3.3 கிராம் கரியமில வாயுவை ஏற்கும். 20 பாகையில் ஏறத்தாழ 1.7 கிராமே ஏற்கும். 40 பாகையில் அது 1 கிராம் அளவிற்குக் குறைந்துவிடும். பனிக்குளிரில் ஏற்பதில் பாதியை இளஞ்சூட்டில் இழக்கின்றது. கடும் வெயிலிலோ மூன்றில் ஒரு பங்கையும் ஏற்க இயலாது போகின்றது.

ஒரு லிட்டர் நீரில் 7 கிராம் வாயுவை அடைத்து மூடிய புட்டி ஒன்றைக் கருதலாம். 0 பாகையில் அவ்வாயுவை நீருக்குள் அடக்கி வைக்க, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு அழுத்தம் போதும். 20 பாகையில் நான்கு மடங்கும், 40 பாகையில் ஏழு மடங்கும் வேண்டும். வெயிலில் கிடக்கும் சோடாப் புட்டிகள் சில வேளைகளில் வெடிப்பதற்குக் காரணம் இதுவே. கண்ணாடிப் புட்டியைக் கடும் வெயிலில் வைத்தலும், சூடேற்றிக் குலுக்குதலும் பெருந்தீங்கு விளைப்பன.

கோலி சோடாப் புட்டியின் அமைப்பும் இவ்வழுத்தத்தையே துணையாகக் கொண்டது. 1870-களில் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் அதனை அமைத்தார். உள்ளிருக்கும் வாயு தன் அழுத்தத்தால் கோலியைக் கழுத்திலுள்ள இரப்பர் வளையத்தோடு இறுக்கி, தன் சிறைக்குத் தானே கதவாகிறது. கோலியை அழுத்தி அக்கதவைத் திறந்தவுடன் அழுத்தம் நீங்குகின்றது. நீரில் மிகையாக நிற்கும் வாயு வெளியேற விரைகின்றது.

எனினும், விரும்பிய இடத்திலெல்லாம் குமிழி தோன்றிவிடாது. நீர்த்துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருத்தலின், புதுக்குமிழி தோன்றுவதற்குச் சிறு பள்ளமோ பிளவோ வேண்டும். புதினா மிட்டாயின் மேற்பரப்பு கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகக் காட்சி தரும். மிட்டாய் புட்டியின் அடிவரை ஆழ்வதால், அப்பள்ளங்களில் பிறக்கும் எண்ணற்ற குமிழிகள் நீர் முழுதும் ஊடுருவி மேலே எழுகின்றன. வழியிலுள்ள வாயுவையும் அவை தம்முள் ஈர்த்துப் பெருக்கின்றன. மிட்டாயில் உள்ள பிசின் போன்ற பொருள்கள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துக் குமிழிகளுக்கு மேலும் வழி செய்கின்றன. ஆகவே, ஊற்று எழுவது வேதியியல் மாற்றத்தால் அன்று. அடங்கியிருந்த வாயு ஒருங்கே விடுதலை பெறுவதால் ஆகும்.

அவ்வூற்றின் உயரத்தையும் வேகத்தையும் வெப்பநிலை மாற்றுகின்றது. பானம் சூடாக இருந்தால், நீர் அடக்கி வைக்கக்கூடிய வாயு குறைவு. வெளியேறக் காத்திருக்கும் வாயு மிகுதி. குமிழிகளும் விரைந்து வளர்கின்றன. 2008-இல் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்க்கான இதழில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று இவ்வேடிக்கையை முறையாக அளந்து பார்த்தது. பானத்தின் வெப்பம் கூடும்போது ஊற்றும் வலிவு பெறுகின்றது என்றும், மிட்டாயின் மேற்பரப்புச் சொரசொரப்பும் அது மூழ்கும் வேகமும் முதன்மையானவை என்றும் அது காட்டியது. ஹென்றியின் காலத்திற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் வகுத்த அளவைநெறி பயன்படுவதற்கு இதுவும் ஒரு சான்று.

மக்கள் நலம் நாடிய மருத்துவர்

ஹென்றியின் பணி வாயுக்களோடு முடிந்துவிடவில்லை. தெருக்களிலும் ஆலைகளிலும் விளக்கேற்றப் பயன்பட்ட நிலக்கரி வாயுவின் இயல்புகளை அவர் ஆராய்ந்தார். அவருடைய ஆராய்ச்சிகளைப் பாராட்டி 1808-இல் இராயல் கழகம் காப்ளி பதக்கம் வழங்கியது. அடுத்த ஆண்டில் தன் உறுப்பினராகவும் ஏற்றது. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் நீரில் வாயுவைக் கலந்த பிரீஸ்ட்லி தம் முறையைச் சிறுநூலாக வெளியிட்டார்; மறு ஆண்டு 1773-இல் அவருக்கு அதே பதக்கம் வழங்கப்பட்டது. இவ்வாறு நீரும் வாயுவும் கூடிய கூட்டுறவு இரு தலைமுறை அறிஞர்க்கு ஒரே பெருமையைத் தேடித் தந்தது.

1831-இல் காலரா இங்கிலாந்தை அடைந்தது. மக்கள் நடுங்கினர். நோயாளிகளின் உடைகளாலும் அயல்நாட்டுப் பஞ்சாலும் தொற்றுநோய் பரவுமோ என்னும் அச்சம் எங்கும் நிலவியது. நோய்க்கிருமிகள் என ஒன்று உண்டு என்பது அக்காலத்தில் நிலைநாட்டப்படவில்லை. ஹென்றி மீண்டும் வெப்பமானியைக் கையில் எடுத்தார். பஞ்சையும் துணியையும் கெடுக்காமல் எவ்வளவு சூடேற்றலாம் என்று அளந்தார். அம்மைப்பால் மருந்தை ஏறத்தாழ 60 பாகையில் சில மணி நேரம் வைத்தால் அதன் ஆற்றல் அழிவதைக் கண்டார். செங்காய்ச்சல் கண்டவரின் உடைகளை நீரின் கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் வைத்தபின், அவற்றை அணிந்த சிறுவர்க்கு நோய் தொற்றவில்லை என்பதையும் கண்டார். சிறுவரை அவ்வாறு சோதனைக்கு உட்படுத்துவதை இக்கால மருத்துவ நெறி ஒருபோதும் ஒப்பாது. எனினும், வெப்பத்தால் தொற்றை அழிக்கலாம் என்று அவர் காட்டிய வழி, மருத்துவமனைகளில் கருவிகளையும் துணிகளையும் சூட்டினால் தூய்மை செய்யும் முறைக்கு முன்னோடியாக அமைந்தது.

பிறர் நோயைத் தடுக்க முயன்ற அவர் தம் நோயை நீக்க வழி காணவில்லை. சிறுவயது விபத்தால் வந்த வலி முதுமையில் மேலும் பெருகியது. உறக்கம் அவரைவிட்டு நீங்கியது. துன்பம் உடலை வாட்டியதோடு உள்ளத்தையும் வாட்டியது. 1836-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், அறுபத்தோராம் வயதில், அவர் வாழ்வு துயரில் முடிவுற்றது. அவருடைய மகன் வில்லியம் சார்லஸ் ஹென்றி, தம் தந்தையாரின் நண்பராகிய டால்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1854-இல் வெளியிட்டார். தந்தையார் போற்றிய நட்பு மகனின் எழுத்தாலும் நிலைத்தது.

நிலைத்த பயன்

ஹென்றி மறைந்தார், அவருடைய விதி மறையவில்லை. கடலின் ஆழத்திலிருந்து மூழ்குவோர் விரைந்து மேலேறினால், அழுத்தம் குறைவதால் இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழியாக வெளிப்பட்டு உயிருக்கே ஊறு செய்யும். எவ்வளவு மெதுவாக மேலேற வேண்டும் என்று கணிப்பதற்கு அடிப்படை ஹென்றியின் விதியே. அடுப்பில் வைத்த நீர் கொதிப்பதற்கு நெடுநேரம் முன்பே பாத்திரத்தின் ஓரங்களில் சிறு குமிழிகள் ஒட்டி நிற்பதும், நீரில் கரைந்திருந்த காற்று சூட்டினால் வெளியேறுவதாலேயே.

மீன்களின் வாழ்வும் இவ்விதிக்கு உட்பட்டது. 0 பாகையில் ஒரு லிட்டர் நீர் காற்றிலிருந்து ஏறத்தாழ 14 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம் அளவே ஏற்கும். கோடையில் குட்டை நீர் சூடேறும்போது மீன்கள் மேற்பரப்பிற்கு வந்து வாய் திறந்து தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளில் மோதி நுரைத்து வீழ்கின்றது. அவ்வாறு வீழும்போது நீரும் காற்றும் நெருங்கிக் கலப்பதால், நீர் தான் ஏற்கக்கூடிய பிராணவாயுவை விரைவில் பெறுகின்றது. புட்டியில் நுரைத்து எழும் நீரிலும் அருவியில் நுரைத்து வீழும் நீரிலும் ஆட்சி செய்வது ஒரே நியதி.

நெடுவாழ்வு தரும் கனியைக் கையில் பெற்றும் அதனைத் தனக்கென வைத்துக்கொள்ளாது ஈந்தவன் அதியமான். நலமான வாழ்வு தமக்கு வாய்க்காதிருந்தும், தம் வலியினூடே தேடிக் கண்ட அறிவை உலகிற்கு ஈந்தவர் ஹென்றி. அதியமான்கோட்டையிலோ வேறு எந்த ஊரிலோ வெயிலில் கிடந்த சோடாப் புட்டி பொங்கி வழிவதைக் காணும் மாணவர்க்கு, அந்நுரை வெறும் வேடிக்கையாக நின்றுவிடாது. ஒரு புட்டியைக் குளிர்ந்த நீரிலும் மற்றொன்றை இளஞ்சூடான நீரிலும் வைத்து, வெப்பமானியால் வெப்பநிலையை அறிந்து, ஆசிரியர் துணையுடன் நுரையின் உயரத்தைக் குறித்துக்கொள்வோர் ஹென்றியின் வழியில் முதல் அடி எடுத்து வைத்தவர் ஆவர். கண்டு வியத்தல் எளிது. அளந்து அறிதல் அரிது. அளந்ததில் பிழை நேர்ந்தபோது அதனை ஒப்புக்கொண்டு மீண்டும் அளத்தல் அதனினும் அரிது. அம்மூன்றையும் செய்து காட்டியமையால், வில்லியம் ஹென்றியின் பெயர் நீருள்ளவரையும் காற்றுள்ளவரையும் நிலைத்து நிற்கும்.